கை வலித்தால் எங்கே தேடுவது? பாம்பன் கரையிலிருந்து ஒரு பிழை நீக்கும் வழிமுறை

"நரம்பு இழுத்துக்கிச்சு தம்பி."

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் இயன்முறை மருத்துவம் பார்க்கப் போகும்போது கை வலிக்கு நான் அதிகம் கேட்கும் விளக்கம் இதுதான். நம் ஊரில் 'நரம்பு' என்ற ஒரே சொல் மூன்று பொருளைச் சுமக்கிறது. புறங்கையில் பச்சையாகத் தெரியும் இரத்தக்குழாயும் நரம்பு. மணிக்கட்டில் கயிறுபோல் புடைத்து நிற்கும் தசைநாணும் நரம்பு. மூளையிலிருந்து செய்தி கொண்டுவரும் உண்மையான நரம்பும் நரம்பு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. சொல் ஒன்றாக இருப்பதால் எல்லாவற்றுக்கும் எண்ணெய் போட்டு உருவிவிடுவதே வழக்கமாகிவிட்டது.

படகு இன்ஜின் கிளம்பாவிட்டால் யாரும் எடுத்த எடுப்பில் பிஸ்டனைக் கழற்றுவதில்லை. டீசல் இருக்கிறதா, குழாயில் காற்று பிடித்திருக்கிறதா, பில்டர் அடைத்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்ப்பார்கள். கைக்கும் அப்படி ஒரு வரிசை உண்டு. வலிக்கிற இடத்தை மட்டும் பார்த்து முடிவுகட்டாமல், எந்த அசைவில் வலிக்கிறது, அந்த அசைவைச் செய்வது யார் என்று பார்க்க வேண்டும்.

முதலில், வரிசை பார்க்காமல் கிளம்ப வேண்டியவை

இடது கையில் வலியோடு நெஞ்சில் பாரம், வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் அது கையின் கோளாறு அல்ல, இதயம். கை திடீரென்று வலுவிழந்து வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ மூளையில் இரத்தக்குழாய் அடைத்திருக்கலாம். அந்த அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். இரண்டுக்கும் 108தான். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. "காலையில் பார்ப்போம்" என்பதற்கு இங்கே இடமில்லை.

அடிபட்ட கை கோணியிருந்தாலும், விரல்கள் வெளுத்துச் சில்லிட்டாலும், மூட்டு சிவந்து காய்ச்சல் வந்தாலும் அன்றே போக வேண்டும். அடிபட்டது கடலில் என்றால் முதல் வேலையாக மோதிரம், காப்பு, வளையலைக் கழற்றிவிடுங்கள். கரை வந்து சேர்வதற்குள் வீங்கிவிட்டால் கழற்ற முடியாது. மோதிரமே விரலின் இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும்.

மூன்று சோதனை

ஒன்று, நீங்களே கையை அசையுங்கள். இரண்டு, கையைத் தளர்வாக விட்டு வீட்டில் ஒருவரை மெதுவாக அசைக்கச் சொல்லுங்கள். மூன்று, கையை அசைக்காமல், அவர் தள்ளும்போது எதிர்த்துப் பிடியுங்கள்.

பிறர் அசைத்தால் சுலபமாகப் போகிறது, எதிர்த்துப் பிடித்தால் வலிக்கிறது என்றால் கோளாறு தசையிலோ தசைநாணிலோ. யார் அசைத்தாலும் ஒரே இடத்தில் முட்டி நின்றால் மூட்டில். இந்த மூன்றிலும் வலி பெரிதாக இல்லை, ஆனால் மரத்துப்போகிறது, எறும்பு ஊர்கிறது, பிடி நழுவுகிறது என்றால் அதுதான் நிஜமான நரம்பு. இந்தப் பிரிவினை எல்லா இடத்திலும் கச்சிதமாகப் பொருந்தாது என்றாலும், எங்கே தேடுவது என்ற திசையைக் காட்டும்.

"பாதி தூக்கும்போது பிடிக்குது, மேல போனதும் விட்டுருது"

தோள் உடம்பிலேயே அதிகம் சுழலும் மூட்டு. அந்தச் சுதந்திரத்துக்கு விலை உண்டு. மேற்கை எலும்பின் தலை பெரிய உருண்டை. அது உட்காரும் தோள்பட்டைக் குழியோ ஆழமில்லாத சிறு தட்டு. எலும்பு மட்டும் இருந்தால் உருண்டை வழுக்கிப் போய்விடும். பாய்மரத்தை நாலு பக்கமும் கயிறு கட்டி நிறுத்துவதுபோல நாலு சிறிய தசைகள் உருண்டையைக் குழியோடு அணைத்துப் பிடித்திருக்கின்றன. தோளுக்கு வெளியே திரண்டு தெரியும் பெரிய தசை கையை மேலே இழுக்கும்போது, இந்த நாலும் உருண்டையை மேலே ஏறவிடாமல் அமுக்கிப் பிடிக்க வேண்டும்.

நாலில் மேலே இருப்பதன் நாண், தோள்பட்டை எலும்பு கூரைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்கு அடியில் ஓடுகிறது. கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது ஏறக்குறைய 60 முதல் 120 பாகை வரையில்தான் அந்த நாணுக்குச் சுமையும் நெருக்கமும் அதிகம். அதைத் தாண்டியதும் வலி குறைகிறது. படகின் விளிம்புக்கு மேலே நனைந்த வலையை வருடக்கணக்கில் தூக்கியவர்களிடமும், சங்கு குளித்த பெரியவர்களிடமும் இதை நிறையப் பார்க்கிறேன்.

கையை முழுதும் உயர்த்தும்போது அதில் மூன்றில் ஒரு பங்கு முதுகுப் பக்கத்துத் தோள்பட்டை எலும்பு சுழல்வதால் கிடைக்கிறது. 180 பாகையில் சுமார் 60 அதன் வேலை. கூன் போட்டு உட்கார்ந்து நாள் முழுக்க வலை பின்னுகிறவருக்கு இந்த எலும்பு முன்சாய்ந்து நின்றுவிடுகிறது. கூரை தாழ்கிறது, நாண் நெரிபடுகிறது. அதனால் தோள் வலிக்காரரிடம் நான் முதலில் பார்ப்பது தோளை அல்ல, முதுகை.

செய்ய வேண்டியது: இரண்டு மூன்று வாரம் தோளுக்கு மேலே பாரம் தூக்காதீர்கள். முழுதாக ஓய்வும் வேண்டாம். வலை இழுக்கும்போது முழங்கை விலாவை ஒட்டி இருக்கட்டும். கையால் மட்டும் இழுக்காமல் இடுப்பும் காலும் சேர்ந்து இழுக்கட்டும். பழைய சைக்கிள் டியூப்பை ஜன்னல் கம்பியில் கட்டி, விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவில் துண்டைச் சுருட்டி வைத்து, முழங்கையை மடக்கியபடி முன்கையை வெளிப்பக்கம் மெதுவாக இழுத்து மெதுவாக விடுங்கள். 10 முதல் 15 தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். தசைநாண் வலுப்பட 12 வாரம் ஆகும். இரண்டு வாரத்தில் "ஒண்ணும் கேக்கலை" என்று விட்டுவிடுகிறவர்களை நினைத்துத்தான் எனக்கு வருத்தம். சரியாகத் தொடங்கும் நேரத்தில் நிறுத்திவிடுகிறார்கள்.

பிறர் தூக்கிவிட்டால் கை மேலே போகிறது, விட்டதும் பொத்தென்று விழுகிறது என்றால் நாண் முழுதாகக் கிழிந்திருக்கலாம். 40 வயதைத் தாண்டியவர் விழுந்தபின் இப்படி ஆனால் ஸ்கேன் எடுக்கத் தள்ளிப்போடாதீர்கள்.

பாரம் தூக்கும்போது 'பட்'டென்று சத்தம் கேட்டு மேற்கைத் தசை உருண்டு நின்றால் இன்னொரு கணக்கு. அறுந்தது தோள் பக்கத்து நாண் என்றால் தசை கீழே இறங்கி நிற்கும். பெரும்பாலும் அறுவை இல்லாமலே சமாளிக்கலாம். முழங்கைப் பக்கத்து நாண் அறுந்தால் தசை மேலே ஏறி நிற்கும். அதை இரண்டு மூன்று வாரத்துக்குள் தைத்தால்தான் பழைய வலு கிடைக்கும்.

"யாரு தூக்கினாலும் வரமாட்டேங்குது"

கடல்பாசி எடுக்கப் போகும் ஒரு அக்கா சொன்னது: "தம்பி, ஜாக்கெட் கொக்கி மாட்ட கை பின்னால போகலை. ராத்திரி அந்தப் பக்கம் புரண்டா உசுரு போகுது." தோளைத் தொட்டுப் பார்க்கும் முன்பே எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

உறுதி செய்ய ஒரு வழி உண்டு. இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டி மடக்கிக்கொண்டு, இரட்டைக் கதவைத் திறப்பதுபோல் முன்கைகளை வெளிப்பக்கம் விரியுங்கள். ஒரு கதவு திறக்கிறது, இன்னொன்று பாதியிலேயே நிற்கிறது, பிறர் தள்ளினாலும் நகரவில்லை என்றால் அது உறைதோள். மூட்டைச் சுற்றிய உறை தடித்துச் சுருங்கிவிடுகிறது. 40 முதல் 60 வயதுக்குள்தான் அதிகம் வரும். சர்க்கரை உள்ளவர்களுக்கு வாய்ப்பு பல மடங்கு கூடுதல். அந்த அக்காவுக்குத் தோளை வைத்துத்தான் சர்க்கரையே கண்டுபிடித்தோம். கதவு திறக்காவிட்டால் இரத்தச் சர்க்கரையும் பாருங்கள்.

உறைதோள் மூன்று கட்டமாகப் போகும்: வலி மிகும் காலம், வலி குறைந்து இறுக்கம் நிற்கும் காலம், மெல்ல இளகும் காலம். எல்லாம் சேர்ந்து ஒன்று முதல் மூன்று வருடம் ஆகலாம். வலி மிகுந்த முதல் கட்டத்தில் கையை முறுக்கி இழுத்து 'எடுத்து விடுவது' பெரிய கெடுதல். உறை இன்னும் வீங்கி இன்னும் சுருங்கும். இந்தக் கட்டத்தில் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி நல்ல பலன் தரும், ஆனால் சில நாளுக்குச் சர்க்கரையை ஏற்றும். மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் 15 நிமிடம் வெந்நீர் ஒத்தடம், குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுவது, மேசைமேல் துணியை வைத்து உள்ளங்கையால் முன்னே தள்ளுவது போதும். பயிற்சி முடிந்து அரை மணிக்குள் வலி அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அளவு கூடிவிட்டது என்று பொருள்.

"தோள் கழண்டுருச்சு"

பெரும்பாலும் உருண்டை குழியிலிருந்து முன்பக்கம்தான் வெளியே வரும். தோளின் வட்டம் போய் மூலை எடுத்ததுபோல் சதுரமாகத் தெரியும். தயவுசெய்து கரையில் வைத்து இழுக்காதீர்கள். அக்குளில் கால் கொடுத்து நண்பர்கள் இழுத்த ஒரு இளைஞரை எனக்குத் தெரியும். தோள் உட்கார்ந்தது, ஆனால் பெரிய தோள் தசைக்குப் போகும் நரம்பு நசுங்கி, மாதக்கணக்கில் கையை உயர்த்த முடியாமல் இருந்தார். அந்த நரம்பு எலும்பின் கழுத்தை ஒட்டித்தான் சுற்றிப் போகிறது. தோளின் வெளிப்பக்கம் உள்ளங்கையகலம் மரத்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இருந்தால் மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். துண்டால் கையைக் கழுத்தில் தொங்கவிட்டு, எக்ஸ்ரே இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போங்கள்.

"முழங்கைக்கு வெளிப்பக்கம் சுருக்குனு குத்துது, செம்பைக்கூட தூக்க முடியலை"

இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன வேலை செய்யுங்கள். இடது கையால் வலது முன்கையை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களைத் தாளம் போடுவதுபோல் அசையுங்கள். பிடித்திருக்கும் கைக்குள் சதை துள்ளுவது தெரியும். விரலுக்குள் விரலை மடக்கும் தசையே கிடையாது. மடக்குவதும் நீட்டுவதும் பெரும்பாலும் முன்கையில் இருக்கும் தசைகளின் வேலை. அவற்றின் நாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்வரை ஓடுகின்றன. பொம்மலாட்டத்தில் ஆட்டுகிறவர் மேலே, பொம்மை கீழே.

இப்போது கையை இறுக்கி முட்டி பிடியுங்கள். மணிக்கட்டு தானாகக் கொஞ்சம் பின்னுக்கு மடங்கும். விரல் இறுகப் பிடிக்க மணிக்கட்டு அப்படி நின்றாக வேண்டும். நிறுத்துகிற தசைகள் முழங்கையின் வெளிமுனையில் ஒரு சிறு இடத்தில் ஒட்டியிருக்கின்றன. ஈரக் கயிற்றை இறுக்கி இழுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த ஒட்டுமிடம் இழுபடுகிறது. சாயல்குடிப் பக்கம் பனையேறுகிறவர்கள் பாளை சீவும்போதும் இதே கதைதான். மருத்துவத்தில் இதற்கு டென்னிஸ் முழங்கை என்று பெயர். நம் கரையில் இதை வரவழைப்பது கயிறும் அரிவாளும்.

உள்ளங்கை கீழ்நோக்கியபடி ஒரு நாற்காலியைத் தூக்குங்கள். பிறகு உள்ளங்கை மேல்நோக்கியபடி. முதலாவதில் வலித்து இரண்டாவதில் வலிக்காவிட்டால் வெளிமுனைதான். நேர்மாறாக இருந்தால் உள்முனை. இரண்டிலும் ஒன்றுபோல் இருந்து, கழுத்தைத் திருப்பும்போது வலி கூடினால் முழங்கையை விட்டுவிட்டுக் கழுத்தைப் பாருங்கள்.

தீர்வு பிடியில் தொடங்குகிறது. ஒல்லியான பிடியை இறுக்கத்தான் அதிக வலு தேவை; அரிவாள் பிடியிலும் உப்பள வாருபலகைக் கம்பிலும் டியூப்பைச் சுற்றித் தடிமனாக்குங்கள். வாளியை உள்ளங்கை மேல்நோக்கித் தூக்கிப் பழகுங்கள். பிறகு, முன்கையை மேசையில் கிடத்தி மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே விட்டு, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்ந்த கையால் பிடியுங்கள். ஏற்றும்போது மறுகை உதவட்டும். இறக்குவது மட்டும் வலிக்கிற கையின் வேலை, நாலு எண்ணும் வரை மெதுவாக. 15 தடவை, மூன்று சுற்று. ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். சில வாரங்களுக்கு அற்புதமாக இருக்கும். ஆனால் ஓராண்டு கழித்துப் பார்த்தால் போடாதவர்களே மேலாக இருப்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். முழங்கைக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

"புள்ள கையை அசைக்கவே மாட்டேங்குது"

ஒன்று முதல் நாலு வயதுக் குழந்தையை ஒரு கையைப் பிடித்துப் படகிலோ பஸ்ஸிலோ தூக்கியிருப்பீர்கள். முன்கையில் கட்டைவிரல் பக்கம் இருப்பது ஆரை எலும்பு. முழங்கையில் அதன் தலையைச் சுற்றியிருக்கும் நார் வளையம் நழுவிவிட்டது. வீக்கம் இருக்காது, கை லேசாக மடங்கித் தொங்கும். தெரிந்த மருத்துவர் நொடியில் சரிசெய்துவிடுவார். இனி அக்குளில் கை கொடுத்துத் தூக்குங்கள்.

"கையை ஊன்றி விழுந்துட்டேன்"

பாசி பிடித்த கல்லிலும் ஈரத் தளத்திலும் வழுக்கும்போது யாரும் யோசித்து விழுவதில்லை; கை தானாக நீள்கிறது. மணிக்கட்டு வழியாக வரும் சுமையில் சுமார் 80 சதவீதம் ஆரை எலும்பில் இறங்குகிறது. அதனால் உடைவதும் அதுதான். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிந்திருப்பதால் சின்ன விழுகையே போதும். பக்கவாட்டில் பார்த்தால் கவிழ்த்து வைத்த முள்கரண்டிபோல் வளைந்திருக்கும். அயர்லாந்து மருத்துவர் ஆபிரகாம் கோலஸ் இதை 1814-இலேயே விவரித்தார், எக்ஸ்ரே கண்டுபிடிப்பதற்கு 81 வருடம் முன்பு. கண்ணாலும் கையாலும் பார்த்தே அவ்வளவு சொல்ல முடிந்திருக்கிறது.

கட்டுப் பிரித்தபின் பலருக்கு உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பாது. முன்கையின் இரண்டு எலும்புகளில் ஆரை, அசையாத அல்னா எலும்பின்மேல் குறுக்கே புரண்டுதான் கை கவிழ்கிறது. திரும்பப் புரண்டு அருகருகே வந்தால்தான் கை நிமிர்கிறது. சோற்றைக் கவளமாக எடுத்து வாய்க்குக் கொண்டுபோக இந்த அசைவு வேண்டும். ஒரு ஆத்தா ஸ்பூனால் சாப்பிட வேண்டியிருப்பதைச் சொல்லி அழுதார். முழங்கையை விலாவில் ஒட்டிக்கொண்டு, ஒரு கரண்டியின் காம்பைப் பிடித்து இருபக்கமும் மெல்லச் சாய்த்துப் பழகினோம். ஆறாவது வாரம் கையால் சாப்பிட்டார்.

இளைஞர்களிடம் நான் பயப்படுவது வேறொன்றுக்கு. கட்டைவிரலை நன்றாக நீட்டினால் அதன் அடியில், மணிக்கட்டின் பக்கவாட்டில் ஒரு குழி விழும். விழுந்தபின் அந்தக் குழியை அமுக்கினால் வலிக்கிறதா? அதற்கு அடியில் இருக்கும் ஸ்காபாய்டு எலும்பு உடைந்திருக்கலாம். மணிக்கட்டின் எட்டுச் சிற்றெலும்புகளில் ஒன்று. 'படகு' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். இந்தப் படகுக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையிலிருந்துதான் வருகிறது. நடுவில் உடைந்தால் மறுமுனை பட்டினி கிடந்து செத்துப்போகலாம். முதல் எக்ஸ்ரேயில் உடைவு தெரியாமலும் போகும். "எக்ஸ்ரே நல்லாத்தான் இருக்கு" என்று கடலுக்குப் போய், சில வருடம் கழித்து மணிக்கட்டு தேய்ந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குழி வலித்தால் கட்டைவிரலோடு சேர்த்து அசையாமல் கட்டி, 10 முதல் 14 நாளில் மறுபடி எக்ஸ்ரே எடுக்கக் கேளுங்கள்.

கைப்பிடி சுற்றி டீசல் இன்ஜின் கிளப்புகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. இன்ஜின் பின்னடித்தால் கைப்பிடி திருப்பி அடித்து ஆரை எலும்பின் கட்டைவிரல் பக்க முனையை உடைக்கும். கார்களைக் கைப்பிடி சுற்றிக் கிளப்பிய காலத்து ஓட்டுநர்களுக்கு இது நிறைய நேர்ந்ததால் இந்த உடைவுக்கே ஓட்டுநர் முறிவு என்று பெயர். கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி வளைக்காமல் மற்ற நாலு விரலோடு ஒரே பக்கம் வைத்துப் பிடியுங்கள்.

"கட்டைவிரலைத் திருப்பினா மணிக்கட்டுல தீயா எரியுது"

கட்டைவிரலின் இரண்டு நாண்கள் ஒரே குறுகிய உறைக்குள் உரசுகின்றன. கைக்குழந்தை தூக்கும் தாய்மார்களுக்கும், பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைக் கிள்ளிக் கிள்ளி எடுக்கும் பெண்களுக்கும் வருகிறது. கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் மணிக்கட்டுப் பட்டை, சில வாரம் கிள்ளும் வேலையைக் குறைப்பது, கேட்காவிட்டால் ஊசி. இந்த இடத்தில் ஊசி நன்றாக வேலை செய்யும்.

"ராத்திரி கை மரத்துப்போய் முழிப்பு வருது"

எந்த விரல் என்பதுதான் கேள்வி. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரலில் பாதி என்றால் மணிக்கட்டில் நெரிசல். கீழே சிற்றெலும்புகள், மேலே கெட்டியான நார்ப்பட்டை, நடுவில் ஒரு சுரங்கம். அதற்குள் ஒன்பது நாண்களும் ஒரு நரம்பும். நாண்கள் கொஞ்சம் வீங்கினாலும் நசுங்குவது நரம்பு. தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கும்போது இன்னும் நெரியும், அதனால்தான் எழுந்து கையை உதறினால் சுகம். மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டையை இரவில் ஆறு வாரம் கட்டிப் பாருங்கள். சர்க்கரை, தைராய்டு, கர்ப்பம் மூன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கட்டைவிரல் மேட்டுச் சதை வற்றத் தொடங்கினால் அறுவை சிகிச்சைக்குத் தாமதிக்கக் கூடாது. வற்றிய தசை முழுதாகத் திரும்புவதில்லை.

சுண்டுவிரலும் மோதிரவிரலில் மறுபாதியும் என்றால் நரம்பு நெரிவது பெரும்பாலும் முழங்கையில், இடித்தால் மின்சாரம் அடிக்குமே அந்த இடத்தில். மடக்கிய கையில் செல்போன் பிடித்துப் பேசுவதைக் குறையுங்கள்; இரவில் முழங்கையில் துண்டைச் சுற்றி மடங்காமல் பாருங்கள். கையைத் தலைமேல் வைத்தால் நிம்மதி என்றால் கழுத்து. இரண்டு கையும் இரண்டு காலும் உறை போட்டதுபோல் மரத்தால் சர்க்கரையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

படகு விளிம்பில் கையைத் தொங்கப்போட்டுத் தூங்கி எழுந்தால் மணிக்கட்டு தொங்கிப்போய் நிமிராமல் இருப்பதும் உண்டு. மேற்கை எலும்பின் பின்னால் சுற்றிவரும் நரம்பு அமுங்கிவிட்டது. பயப்பட வேண்டாம், பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் திரும்பும். அதுவரை மணிக்கட்டை நிமிர்த்திப் பிடிக்கும் பட்டை வேண்டும். முகமும் பேச்சும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் உடனே பாருங்கள்.

"விரல் மடங்கினா நிமிரலை", "நுனி தொங்குது", "முள்ளு குத்திருச்சு"

மடங்கிய விரல் 'டக்'கென்று சொடுக்கி நிமிர்ந்தால், உள்ளங்கை ஓரத்து வளையத்தில் நாண் முடிச்சுபோல் சிக்குகிறது. இரவுப் பட்டை, ஒரு ஊசி, தேவைப்பட்டால் சிறு அறுவை.

கெளுத்தி முள் குத்திய விரலைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். விரல் முழுதும் வீங்கி, லேசாக மடங்கியபடியே நின்று, உள்ளங்கைப் பக்கம் நீளவாக்கில் அமுக்கினால் வலித்து, பிறர் நிமிர்த்தினால் உயிர் போனால் நாணின் உறைக்குள் சீழ் பிடித்திருக்கிறது. அன்றே அறுவை அறைக்குப் போக வேண்டும். ஒத்தடமும் மஞ்சள் பத்தும் நேரத்தைத்தான் தின்னும்.

விரல் நுனி இடிபட்டுத் தொங்கினால் நீட்டும் நாண் நுனியில் அறுந்திருக்கிறது. எக்ஸ்ரே எடுத்து எலும்பும் பெயர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு, நுனி மூட்டை மட்டும் நேராக நிறுத்திச் சிறு பட்டை கட்டுவார்கள், ஆறு முதல் எட்டு வாரம். குளிக்கும்போதும் கழற்றி மாற்றும்போதும் மறுகையால் நுனியைத் தாங்கிப் பிடித்திருங்கள். நடுவில் ஒரு தடவை மடங்கினாலும் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து.